மகளுக்கு எந்த ரொமான்ஷ் சொல்லிக்கொடுப்பது?

சுவிஸின் கிராவ்புண்டன் மாநிலத்தில் இருக்கும் ஷ்குவோலுக்குப் போன மாதம் குடிவந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு அங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை. மகள் முதலாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் படிப்பு டொச்சில், அதாவது ஜெர்மனில், இல்லை, அந்த மலைமக்களின் மொழியான ரொமான்ஷில்தான் என்று சொல்லிவிட்டார்களாம். இணையத்தில் தேடி, ‘நான்’ என்பதற்கு ‘யவ்’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், பக்கத்து வீட்டு அம்மா சிரித்துவிட்டு ‘எவ்’ என்று திருத்துகிறார். காணொளியில் ஒருவர் ‘யெவ்’ என்கிறார். இது ஒரு மொழியா, மூன்று மொழியா, எதைப் படிப்பது, பிள்ளையின் டொச் கெட்டுப்போகாதா என்பது கேள்வி.

முதலில் பதில்: பக்கத்து வீட்டு அம்மா சொல்வதைப் படியுங்கள். அவர் கதைப்பது வல்லாதேர், உங்கள் பள்ளத்தாக்கின் ரொமான்ஷ். பள்ளிக்கூடத்தில் உங்கள் மகள் எழுதப்போவதும் வல்லாதேர்தான். ‘யவ்’ சொன்னவரும் பிழையில்லை, ‘யெவ்’ சொன்னவரும் பிழையில்லை. ஆனால் இரண்டும் உங்கள் பள்ளத்தாக்குச் சொற்கள் அல்ல.

இனிக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

ரோமர் கிமு 15இல் இந்த மலைகளைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த படைவீரரும் வணிகரும் கதைத்த இலத்தீன், ஏற்கனவே இங்கிருந்தவர்களின் வாயில் புகுந்து நூற்றாண்டுக் கணக்கில் மாறி வந்ததுதான் ரொமான்ஷ். இத்தாலியனுக்கும் பிரெஞ்சுக்கும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் முறை. பழைய குடிகளின் சொற்களும் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. கல்லுக்கு ‘கிராப்’ என்பார்கள். அது இலத்தீனுக்கும் முந்தியது.

மொழி ஒன்றாக வந்ததுதான், ஒன்றாக வளரவில்லை. கிராவ்புண்டன் மாநிலத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே ரைன் ஆற்றின் மேல்பகுதி, கிழக்கே இன் ஆறு ஓடும் எங்கடின், நடுவே மலைகள், கணவாய்கள். ஷ்குவோலில் இருந்து மேற்கே டிசென்டிஸுக்கு இன்றைக்கும் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். உங்கள் ஊருக்கு வரும் வெரைனா சுரங்கப்பாதையே 1999இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் குளிர்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அடுத்த பள்ளத்தாக்கு வெளிநாடு மாதிரி.

பள்ளத்தாக்குகள் பிரிந்திருந்தாலும் நடுவில் ஒரு பெரிய நகரம் இருந்திருந்தால், அதன் பேச்சு எல்லோருக்கும் பொதுவாகியிருக்கும். அப்படி ஆகக்கூடிய ஒரே இடம் கூர். நான் இருபது வருடமாக இருக்கும் ஊர். 1464இல் கூர் எரிந்தது. திரும்பக் கட்ட வந்த தச்சரும் கொத்தரும் டொச் கதைப்பவர்கள், அவர்களோடு நகரமே டொச்சுக்கு மாறிவிட்டது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. உண்மையில் அதற்கு முன்பே டொச் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. நெருப்பு மீதியை முடித்துவைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து ரொமான்ஷுக்குத் தலைநகரம் இல்லை. கிராமங்கள் மட்டும்தான்.

பிறகு மதம் வந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவம் எங்கடினுக்குள் நுழைந்தபோது, மக்களுக்குப் புரியும் மொழியில் வேதம் வேண்டும் என்றாயிற்று. சமேடானைச் சேர்ந்த யாக்கியம் பிஃப்ருன் என்ற சட்ட அறிஞர் புதிய ஏற்பாட்டைத் தன் மேல் எங்கடின் பேச்சில் 1560இல் அச்சிட்டார். இரண்டே வருடத்தில், 1562இல், கீழ் எங்கடினைச் சேர்ந்த துரிச் கியாம்பெல் என்ற போதகர் வேதத்தின் சங்கீதப் பாடல்களைத் தன் பக்கத்துப் பேச்சில் கொண்டுவந்தார். ஒரே ஆறு, ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மதம். ஆனாலும் இரண்டு எழுத்து வழக்கு. மேற்கே ரைன் பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சு வந்தபோது இன்னும் சிக்கல்: அங்கே கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் கலந்திருந்தார்கள். ஒரே பேச்சையே இரு சாராரும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் நெடுங்காலம் எழுதினார்கள். எழுத்தைப் பார்த்தே ஆள் எந்தக் கோயில் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இப்படித்தான் ஐந்து எழுத்து வழக்குகள் நிலைத்தன. இங்கே ‘கிளைமொழி’ என்று யாரும் சொல்வதில்லை, ‘இடியோம்’ என்பார்கள். கிளைமொழி என்றால் அதற்குக் கீழே ஊருக்கு ஊர் மாறும் பேச்சு. மேற்கே சுர்சில்வன், ரொமான்ஷ்காரரில் பாதிக்குமேல் இதுதான். ரைனின் மற்றக் கிளையில் சுட்சில்வன், மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். நடுவில் சவோஞ்ஞின் பக்கம் சுர்மிரன். செயின்ட் மோரிட்ஸ், சமேடான் இருக்கும் மேல் எங்கடினில் புட்டேர். கீழே உங்கள் வல்லாதேர், ‘பள்ளத்தாக்கு மொழி’ என்று பொருள். புட்டேர் என்பது ‘கஞ்சி குடிப்பவர்கள்’ என்ற கேலிப் பெயரில் இருந்து வந்திருக்கலாம் என்பார்கள். கேலி செய்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை, பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பாருங்கள்.

இப்போது உங்கள் ‘நான்’. இதே வரிசையில் மேற்கில் இருந்து கிழக்கே வாருங்கள்: யெவ், யொவ், இய, எஆ, எவ். எல்லாம் இலத்தீன் ‘எகோ’வின் பிள்ளைகள். வீட்டுக்குச் சுர்சில்வனில் காஸா. சுர்மிரனிலும் புட்டேரிலும் ஏறக்குறைய ஒரே சத்தம், ‘ச்சேஸா’. ஆனால் சுர்மிரன்காரர் அந்த ‘ச்ச’வை டி, ஜி என்ற இரண்டு எழுத்தால் எழுதுவார், புட்டேர்காரர் சி, எச் போடுவார். உங்கள் ஊரில் ‘ச்சாஸா’, சி, எச்தான். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. நான் முதலில் தடுமாறியது இதில்தான். தாளில் பார்த்து ‘வேறு மொழி’ என்று பயந்த சொல்லை, சமையலறையில் ஒருவர் வாயால் சொன்னபோது அட இதுவா என்றிருந்தது.

வேறுபாடு எழுத்தோடு நிற்கவும் இல்லை. எங்கடினில் உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘ஊ’வும் ‘ஓ’வும் உண்டு. டொச்சில் இரண்டு புள்ளி வைத்து எழுதுவார்களே, அந்தச் சத்தங்கள். சுர்சில்வனில் அவை இல்லை. கடினம் என்பதற்கு அவர்கள் ‘தீர்’ என்பார்கள், நீங்கள் அதே சொல்லை உதடு குவித்துச் சொல்ல வேண்டும். புதன்கிழமைக்கு வல்லாதேரில் இத்தாலியன் சாயலில் ‘மார்குர்தி’. சுர்சில்வனில் டொச்சைப் பார்த்து ‘நடுவாரம்’ என்றே ஒரு சொல் செய்துகொண்டார்கள். சுர்சில்வனில் எனக்குப் பிடித்த ஒன்று: ‘நல்ல வைன்’ என்றால் ‘பியன்’, ‘வைன் நல்லது’ என்று முடித்தால் ‘புன்ஸ்’. அந்தக் கடைசி ‘ஸ்’ பழைய இலத்தீனின் எழுவாய் வேற்றுமையில் இருந்து வந்தது. இன்றைய இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் தேடினால் கிடைக்காது, இந்த மலையில் மாட்டுக்காரர் வாயில் இருக்கிறது.

சரி, அந்த ‘யவ்’ எங்கிருந்து வந்தது?

அது ருமான்ச் கிரிஷுன். ஐந்து வழக்குக்கும் பொதுவாகச் செய்த எழுத்து மொழி. பொது மொழி ஒன்று வேண்டும் என்ற ஆசை பழையது. 1800ஐ ஒட்டி பிளாசி ஆ ஸ்பெஷா என்ற துறவி முயன்றார். 19ஆம் நூற்றாண்டில் பியூலர் என்ற ஆசிரியர் ஒன்று செய்தார். 1950களில் லேசா உஃபர் ஒன்று செய்தார். எதையும் யாரும் ஏற்கவில்லை. ஒவ்வொன்றிலும் யாருடைய பேச்சோ கூடுதலாக இருந்தது என்பதுதான் சண்டை. கடைசியில் லியா ருமான்ச்சா, 1919இல் தொடங்கிய ரொமான்ஷ் மொழிச் சங்கங்களின் தாய்ச்சங்கம், சூரிச் பல்கலைக்கழகத்து ஹைன்ரிச் ஷ்மிட்டைக் கேட்டது. ரொமான்ஷ் தாய்மொழியாக இல்லாத ஆள். அதுவே அவருக்கு வசதியாகவும் இருந்தது. 1982இல் விதிகளைக் கொடுத்தார்.

அவர் செய்தது அடிப்படையில் வாக்கெடுப்பு. சுர்சில்வன், சுர்மிரன், வல்லாதேர் மூன்றையும் எடுத்து, இரண்டு ஒத்துப்போகும் வடிவத்தை வைத்துக்கொண்டார். சக்கரத்துக்கு முதல் இரண்டும் ‘ரோதா’, வல்லாதேர் ‘ரோவ்தா’. ஆகவே ‘ரோதா’. பூனைக்குச் சுர்சில்வனில் ‘கட்’, மற்ற இரண்டிலும் ‘ஜட்’. ஆகவே ‘ஜட்’. எழுத்திலும் பஞ்சாயத்து செய்தார்: அந்த ‘ச்ச’ சத்தம் ஆ, ஓ போன்றவற்றுக்கு முன்னால் வந்தால் எங்கடின் முறையில் சி, எச். இ, ஏ முன்னால் வந்தாலும் சொல் முடிவில் வந்தாலும் டி, ஜி. யாரும் முழுக்கத் தோற்கவில்லை, யாருக்கும் முழுக்கப் பிடிக்கவும் இல்லை. எந்த வழக்கின் எழுத்திலும் இல்லாத ‘யவ்’ ‘நான்’ ஆனது இந்தச் சமரசத்தில்தான்.

அரசாங்கத்துக்கு இது வரப்பிரசாதம். பெர்னில் உள்ள மத்திய அரசு ஒரு சட்டத்தை ஐந்து முறை மொழிபெயர்க்க முடியுமா? இந்தப் பொது மொழிக்கு முன்பே, 1938 பிப்ரவரியில், வாக்களித்தவர்களில் 90 வீதத்துக்கு மேல் ஆதரித்து ரொமான்ஷை நான்காவது தேசிய மொழி ஆக்கினார்கள். முசோலினியின் காலம். ரொமான்ஷ் இத்தாலியனின் ஒரு கிளைதான், ஆகவே இந்த மலைகள் எங்களுக்கு என்று தெற்கே இருந்து குரல் வந்துகொண்டிருந்தது. அதற்குச் சுவிஸ் சொன்ன பதில் அந்த வாக்கு. மொழி மேல் பாசமும் இருந்திருக்கும், ஆனால் வேளை பார்த்து வந்த பாசம் என்பது என் எண்ணம். 1996இல் இன்னொரு வாக்கெடுப்பு, அரை அதிகாரமொழி நிலை: ரொமான்ஷ்காரர் பெர்னுக்குத் தன் மொழியில் கடிதம் எழுதினால் அதே மொழியில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் ருமான்ச் கிரிஷுனில் வரும். உங்கள் கைப்பையில் இருக்கும் பிராங் தாளிலும் வங்கியின் பெயர் இந்த மொழியிலும் இருக்கிறது. வானொலியில் செய்தி இதில் வாசிப்பார்கள். செய்தி முடிந்ததும் அறிவிப்பாளர் தன் ஊர்ப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்.

இதை நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். கூரில் மாலை வகுப்பில் புத்தகத்தைப் பார்த்து ருமான்ச் கிரிஷுன் படித்துவிட்டு, பெருமையோடு சுர்சில்வன் ஊரான இலான்ஸ் போய், ஒரு பாண் கடையில் ‘யவ் வுலெஸ் இன் பவுன்’ என்றேன். எனக்கு ஒரு பாண் வேண்டும். அந்த ஊரில் ‘யெவ் லெஸ்’ என்று கேட்டிருக்க வேண்டும். கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல டொச்சில், “நீங்கள் வானொலியில் வேலை செய்கிறீர்களா?” என்று கேட்டார். கறுத்த முகத்தோடு ஒருவன் வந்து செய்தி வாசிப்பதுபோல் பாண் கேட்டால் வேறு என்ன நினைப்பார்? அதற்குப் பிறகுதான் என்னோடு வேலை செய்த சுர்சில்வன் நண்பர்களிடம் வாயால் படிக்கத் தொடங்கினேன்.

ஆக, தாளுக்கு இருக்கும்வரை பெரிய சண்டை இல்லை. மாநில நாடாளுமன்றம் 2003இல் செலவைக் குறைக்க, பள்ளிப் பாடநூல்களை இனி ருமான்ச் கிரிஷுனில் மட்டுமே அச்சிடுவது என்று முடிவெடுத்ததில்தான் வீடு பற்றி எரிந்தது. 2007இல் இருந்து சில ஊர்ப் பள்ளிகள் அதற்கு மாறின. பெற்றோர் கேட்டார்கள்: வீட்டில் பாட்டி சொல்லும் சொல் பள்ளியில் பிழை என்றால், பிள்ளை எதை நம்பும்? இன்னொரு பக்கத்தாரும் நியாயமாகவே கேட்டார்கள்: இத்தனை சிறிய மொழிக்கு ஒவ்வொரு பாடநூலையும் ஐந்து முறை அச்சிடுவது எத்தனை நாள் ஓடும்? 2011இல் ‘புரோ இடியோம்ஸ்’ என்ற அமைப்பு தோன்றியது. பிறகு ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அதில் வால் முஸ்டைர் கதை தனி. உங்களுக்குத் தெற்கே, இத்தாலி எல்லையில் இருக்கும் பள்ளத்தாக்கு. அங்குள்ளவர்களை மற்றவர்கள் ‘யவர்’ என்பார்கள், ஏனென்றால் அவர்கள் வாயில் ‘நான்’ என்பது இயல்பாகவே ‘யவ்’! எழுதும்போது மட்டும் வல்லாதேர் முறையில் ‘எவ்’ என்று எழுதுவார்கள். பொது மொழியைப் பள்ளியில் முதலில் ஏற்றவர்களில் இவர்களும் சேர்த்தி. தங்கள் வாயில் இருக்கும் சொல்லே பாடநூலில் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் 2012இல் இதே ஊர் வாக்களித்து வல்லாதேருக்குத் திரும்பியது. ‘யவ்’ என்று சொல்லிக்கொண்டே ‘எவ்’ என்று எழுதுவோம் என்று. புத்தகத்துச் சொற்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்காது. ஷ்குவோலில் கடை, வேலை, உறவு எல்லாம் இருக்கும்போது, பிள்ளை எழுதும் கடிதத்தை ஷ்குவோல்காரர் சிரிக்காமல் வாசிக்க வேண்டும் என்று நினைத்தால் விளங்கும்.

நான் எந்தப் பக்கம் என்றால், அரசாங்கப் படிவத்துக்கும் அகராதிக்கும் ருமான்ச் கிரிஷுன் இல்லாமல் முடியாது. ஆறு வயதுப் பிள்ளையின் வாய்க்கு அது வேண்டாம். பெரியவளானதும் ஒரு மாதத்தில் வாசிக்கப் பழகிவிடுவாள்.

டொச் பயம். இங்கே ரொமான்ஷ் மட்டும் தெரிந்த பெரியவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் டொச்சும் நன்றாகக் கதைப்பார்கள். அதுதான் இந்த மொழியின் சிக்கலே. சுர்சில்வன்காரரும் எங்கடின்காரரும் சூரிச்சில் சந்தித்தால், பொறுமை இருந்தால் அவரவர் வழக்கில் கதைப்பார்கள், பொறுமை போனால் சுவிஸ் டொச்சுக்குத் தாவிவிடுவார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்: 1880 கணக்கெடுப்பில் 38,705 பேர், 2000இல் இதுவே முதன்மை மொழி என்றவர்கள் 35,095 பேர். பெரிய வீழ்ச்சி இல்லைப்போலத் தெரியும். ஆனால் அதற்குள் நாட்டின் சனத்தொகை இரண்டரை மடங்காகிவிட்டது. வீட்டிலோ வேலையிலோ பள்ளியிலோ கதைப்பவர்களையும் சேர்த்தால் 60,000 வரும். செயின்ட் மோரிட்ஸ் ஒருகாலம் முழுக்க ரொமான்ஷ் ஊர், இன்று அங்கே தெருவில் அதைக் கேட்பதே அரிது. ஊராட்சியில் 40 வீதத்தினருக்கு மேல் ரொமான்ஷ் கதைத்தால் அது ரொமான்ஷ் ஊர், 20க்கும் 40க்கும் நடுவில் என்றால் இருமொழி ஊர் என்பது 2008இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம். ஷ்குவோல் முதல் வகை. அதனால்தான் உங்கள் மகளுக்கு ரொமான்ஷ் வகுப்பு.

டொச் மூன்றாம் வகுப்பில் பாடமாக வரும், மேல்வகுப்பில் பெரும்பாலான படிப்பே டொச்சில்தான். தொலைக்காட்சியும் விளையாட்டிடமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வாக்கியத்தில் வினைச்சொல்லை இரண்டாவது இடத்தில் வைக்கும் பழக்கம் ரொமான்ஷுக்கும் உண்டு, ‘இன்று’ என்று தொடங்கினால் உடனே வினை, பிறகுதான் ‘நான்’. ஆகவே அந்த முடிச்சு டொச் வகுப்பில் அவளுக்குப் புதிதாக இருக்காது. பிறகு இத்தாலியனோ பிரெஞ்சோ படிக்கும்போது பாதிச் சொல் தெரிந்ததாக இருக்கும். வீட்டில் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரொமான்ஷ் சரியாக வர வேண்டும் என்று வீட்டிலும் நீங்கள் தட்டுத்தடுமாறிய ரொமான்ஷில் கதைத்தால், இரண்டும் போகும்.

‘பிழைக்க உதவாத மொழி’ என்று கணவரின் கூட்டாளிகள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பக்கத்து ஊர் சென்ட். நேரம் கிடைக்கும்போது நடந்துபோய், அங்குள்ள பெரிய வீடுகளைப் பாருங்கள். சில வீடுகளின் முகப்பு இத்தாலியச் சாயலில் இருக்கும். எங்கடின்காரர் பிழைப்புக்காக இத்தாலி நகரங்களுக்குப் போய் இனிப்புக்கடையும் காப்பிக்கடையும் போட்டவர்கள். காசு சேர்த்துத் திரும்பி வந்து ஊரில் வீடு கட்டினார்கள், அங்கேயே தங்கியவர்கள் கோடைக்குக் கோடை வந்து போனார்கள். அவர்களை ஊரில் ‘ரந்துலின்’ என்பார்கள், தகைவிலான் பறவையின் பெயர் அது. ‘இத்தாலியரும் இல்லை, டொச்சரும் இல்லை, ரொமான்ஷாகவே இருப்போம்’ என்று முழங்கிய கவிஞர் பைதர் லான்செல் பிறந்தது பீசாவில், அப்படி ஒரு குடும்பத்தில். வெளியூரில் பிறந்த பிள்ளைக்கு ஊர்ப்பேச்சு தேவையா என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர் நம்மைவிட நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். இணைய அகராதியின் பெயர் ‘பிளெதாரி கிரோண்ட்’. அதில் வழக்கைத் தெரிவுசெய்யும் இடம் இருக்கிறது, அதை வல்லாதேருக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள், ‘யவ்’ தொல்லை போய்விடும். தெருவில் யாரைக் கண்டாலும் ‘அல்லேக்ரா’ என்று வணக்கம் சொல்லச் சொல்லுங்கள், எங்கடின் முழுக்கச் செல்லும். நன்றிக்கு ‘கிராட்ஸ்ச்சா ஃபிச்’. பிழையாகச் சொன்னாலும் டொச்சுக்கு மாற வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவரைக் கண்டால் மரியாதைக்காக உடனே டொச்சுக்கு மாறிவிடுவது இங்குள்ளவர்களின் பழக்கம். நமக்கு அதுதான் கேடு.

மார்ச் 1ஆம் தேதி ச்சலாந்தாமார்ஸ் வரும். இலத்தீனில் மார்ச் முதல் நாளின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் மாட்டு மணியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரைச் சுற்றி ஆட்டி, பாட்டுப் பாடிக் குளிர்காலத்தை விரட்டுவார்கள். சில ஊர்களில் பெரிய மணி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்ற பழக்கம் நெடுங்காலம் இருந்தது, உங்கள் பள்ளியில் எப்படி என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பாட்டை ஜனவரியிலேயே பாடம் பண்ணத் தொடங்குவார்கள். மணியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே ஒவ்வொரு வீட்டு மச்சிலும் ஒன்று தொங்கும். கடைசி நேரத்தில் கேட்டால் சின்ன மணிதான் மிஞ்சும்.